செட்டிநாட்டில் சின்னச் சின்ன கார் சுற்றுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு காரைக்குடியில். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களைக் காரில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிற வேலை பல வருஷமாக என் தலையில்தான். வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிட்டால் அடுத்த தடவை இதையே அனுப்பிவிடலாம் என்றுதான் இது.

மூணாறு, கொடைக்கானல் மாதிரி இருக்குமா?

இருக்காது. கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூடக் கிடையாது, அருவி கிடையாது, மூடுபனி மார்கழியில் நாலு நாள் வந்தால் உண்டு. நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் இந்த நாட்டுக்குப் பழைய ஆட்கள் சொல்லும் எல்லை இது: வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல். இந்த நாலுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் செம்மண், பொட்டல், பனை, முந்திரி, தைலமரம், அப்புறம் கண்மாய்.

பிறகு எதைப் பார்க்கப் போவது? கால் மணி நேரம் ஆளே இல்லாத காட்டு வழியில் போய்க்கொண்டிருப்பீர்கள். ஒரு திருப்பம் தாண்டியதும் நூல் பிடித்த மாதிரி நேரான தெரு வரும். இரண்டு பக்கமும் அரண்மனை அளவுக்கு வீடுகள், முகப்பின் உச்சியில் சுதையில் லெட்சுமி, அவளுக்கு இருபுறமும் யானை. தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. திண்ணையில் ஒரு வெள்ளாடு அசை போட்டுக்கொண்டு படுத்திருக்கும். அதைத் தாண்டினால் மறுபடியும் பொட்டல். இல்லையென்றால், வயலுக்கு நடுவே யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி தனியாக ஒரு பாறைக் குன்று, அதன் தலையில் ஒரு கோயில். எதிர்பாராமல் எதிரே வந்து நிற்பதுதான் இந்தப் பக்கத்து அழகு. அதனால்தான் இங்கே கிலோமீட்டரைக் குறைத்துக்கொண்டு, வண்டியை நிறுத்துவதைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறேன்.

எந்த மாதம் வரலாம்?

கார்த்திகை கடைசியிலிருந்து மாசி வரைக்கும்.

இங்கே வற்றாத ஆறு ஒன்றும் ஓடவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கிற வடகிழக்குப் பருவமழையைக் கண்மாயில் பிடித்து வைத்துத்தான் வருஷம் பூராவும் பிழைப்பு. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் போனால், அந்தத் தண்ணீர் கீழே இருக்கிற கண்மாய்க்கு. அது நிறைந்தால் அதற்கும் கீழே. மழை நன்றாகப் பெய்த வருஷம் தை மாதத்தில் கண்மாய்க்கரை ஓரமாக வண்டி ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் கரை தட்டும் தண்ணீர், மறுபக்கம் கதிர் சாய்ந்த நெல். இதே சாலையைச் சித்திரையில் பார்த்தவருக்கு அடையாளம் தெரியாது. கண்மாய் வெடித்துக் கிடக்கும், நடுவில் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள்.

சித்திரை, வைகாசியில்தான் லீவு கிடைக்கும் என்றால் வராதீர்கள் என்று சொல்லமாட்டேன். காலை 6 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். சாலையோரம் நுங்கு வெட்டுகிறவர் இருப்பார், அது ஒரு லாபம்.

ஒரே ஒரு காலைப் பொழுதுதான் இருக்கிறது. எந்தச் சுற்று?

காரைக்குடி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், திரும்ப காரைக்குடி. மொத்தம் 50 கிலோமீட்டர் வாக்கில் வரும். நிற்காமல் ஓட்டினால் ஒன்றரை மணி நேரம், நின்று பார்த்தால் அரை நாள்.

குன்றக்குடி காரைக்குடியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். ஊர் வருவதற்கு முன்பே மலை தெரிந்துவிடும். மயில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும் என்பார்கள். எனக்கு எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மலை மலையாகத்தான் தெரிகிறது. மேலே சண்முகநாதரைக் கும்பிட்டுவிட்டு எல்லாரும் அப்படியே வண்டி ஏறிவிடுகிறார்கள். கீழே மலையின் அடியிலேயே பாறையைக் குடைந்த சிவன் சன்னதிகள் இருக்கின்றன. அங்கே கூட்டம் இருக்காது. வெயில் ஏறின நேரத்தில்கூடத் தரை சில்லென்று இருக்கும். பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

பிள்ளையார்பட்டி அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். கற்பக விநாயகர் குன்றிலேயே புடைத்து நிற்பவர், இரண்டு கை, வலம்புரி, வடக்கு பார்த்த முகம். சங்கடஹர சதுர்த்தி அன்று போனால் சாமியை விட முதுகுகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். நேரம் இருந்தால் திருப்பத்தூர் சாலையில் இன்னும் சற்றுப் போய் வைரவன்பட்டி. அதுவும் பிள்ளையார்பட்டி போலவே நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று. கருங்கல் வேலைப்பாடு பார்க்கிற ஆசை உள்ளவர்கள் பிள்ளையார்பட்டியில் நேரத்தைச் சுருக்கி இங்கே செலவழிக்கலாம்.

அதன்பிறகு வடக்கே ஆத்தங்குடிக்குத் திரும்பும் கிராமத்துச் சாலை. இந்தச் சுற்றிலேயே எனக்குப் பிடித்த துண்டு இதுதான். சாலை ஒடுங்கிவிடும். எதிரே டவுன் பஸ் வந்தால் ஒருவர் மண்ணில் இறங்கித்தான் ஆகவேண்டும், அந்த ஒருவர் நாம்தான். புளியமரம், ஊரணி, படித்துறையில் துணி, மறுபடி பொட்டல், வேலியோரம் மயில். ஆத்தங்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்குக் கிழக்கே போய், அங்கிருந்து புதுக்கோட்டை சாலையைப் பிடித்தால் காரைக்குடி சுமார் 15 கிலோமீட்டர்.

ஆத்தங்குடியில் தரைக்கு ஒட்டுகிற பூக்கல் (டைல்ஸ்) செய்வதை நேரில் பார்க்க முடியுமா?

முடியும். பட்டறைகள் சாலை ஓரத்திலேயே இருக்கின்றன. மரியாதையாகக் கேட்டால் உள்ளே விடுவார்கள், பெரும்பாலும் செய்துகாட்டவும் செய்வார்கள்.

ஆளுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் துண்டு. அதைத் துடைத்துவிட்டு, மேலே சட்டம் வைத்து, அதற்குள் பூ டிசைன் போட்ட தகட்டு அச்சை இறக்குகிறார். சிமெண்டும் வண்ணமும் கரைத்த குழம்பைச் சின்னக் கரண்டியில் எடுத்து அறை அறையாக ஊற்றுகிறார். சிவப்பு இதழுக்கு, மஞ்சள் நடுவுக்கு, பச்சை ஓரத்துக்கு. அளவெல்லாம் கைக்கணக்குத்தான். ஊற்றி முடித்து அச்சை நேராக மேலே தூக்குகிறார், வண்ணம் ஒன்றோடு ஒன்று கலக்காமல் அப்படியே நிற்கிறது. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, பிறகு ஈரக்கலவை போட்டு அமுக்கி மட்டம் தட்டிவிடுவார். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். கண்ணாடி கழன்று வரும்போது கல்லின் முகத்தில் பளபளப்பு ஏறியிருக்கும். சூளையே கிடையாது. கண்ணாடி கொடுத்த மினுமினுப்புதான், பிற்பாடு மனிதர்கள் நடக்க நடக்க இன்னும் கூடும்.

போன பொங்கலுக்கு வந்த அத்தை மகள் தானும் ஒன்று ஊற்றிப் பார்க்கிறேன் என்று கரண்டியை வாங்கினாள். பச்சை சிவப்புக்குள் புகுந்து சேறாகிவிட்டது. “பரவாயில்ல தங்கச்சி, அடுப்படி ஓரத்துக்கு ஆகும்” என்றார் அந்த அண்ணன். சிரிக்காமல் சொன்னதுதான் விசேஷம்.

வாங்குகிற எண்ணம் இருந்தால் ஒன்று கவனியுங்கள். டிக்கியில் நாற்பது கல் ஏற்றிவிட்டால் அடுத்த வேகத்தடையில் வண்டி அடி வாங்கும். லாரியில் அனுப்பிவைக்க அவர்களே ஏற்பாடு செய்வார்கள்.

வீடுகளுக்குள் போய்ப் பார்க்கலாமா?

எல்லா வீட்டுக்குள்ளும் போக முடியாது. இவை ஆட்கள் பிறந்து, கல்யாணம் முடித்து, இப்போதும் முன்னோருக்குப் படைப்பு வைத்துக் கும்பிடுகிற வீடுகள். ஆத்தங்குடியில் லெட்சுமி வீடு கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறது. அங்கே அண்ணாந்து கூரையைப் பாருங்கள். கானாடுகாத்தானில் ராஜா வீட்டை வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அதே ஊரில் சில வீடுகள் தங்கும் விடுதியாகிவிட்டன, அங்கே சாப்பிடவோ தங்கவோ போனால் வளவு, பட்டாலை, இரண்டாம் கட்டு என்று வீட்டின் ஒவ்வொரு பகுதியாக நிதானமாகச் சுற்றலாம்.

மற்ற வீடுகளில் வாசலில் ஆச்சி யாராவது உட்கார்ந்திருந்தால், “ஆச்சி, முகப்பு வரைக்கும் பார்த்துக்கலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். சரி என்றால் சரி. செருப்பை வெளியே விடுங்கள். பூட்டிய வீட்டுச் சுவரில் ஏறி போட்டோ எடுக்கிறவர்களை ஊர்க்காரர்கள் சும்மா விடுவதில்லை, விடவும் கூடாது.

தெருவில் ஓட்டும்போது ஒன்றைப் பார்த்துக்கொண்டே போங்கள். பல வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் கிளம்பி வீட்டின் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டே ஓட்டினால் எவ்வளவு நீளம் என்று மீட்டரே சொல்லிவிடும். பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்களின் பணம் இப்படித் தேக்காகவும் சுண்ணாம்புச் சாந்தாகவும் நிற்கிறது. இந்த ஊர்த் தொகுப்புகள் 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அதற்குப் பிறகும் வீடுகள் இடிபடாமல் இல்லை. காரைக்குடியில் பழைய நிலைக்கதவும் தூணும் விற்கிற கடைகளுக்குப் போனால் அவை எங்கே போகின்றன என்பது தெரியும்.

திருமயம் வரை போவது தகுமா?

தகும். சுற்றிலும் தட்டை நிலம் என்பதால் கோட்டையின் முழு வடிவமும் தூரத்திலேயே கண்ணில் விழும். காரைக்குடி புதுக்கோட்டை சாலையில் கானாடுகாத்தானைத் தாண்டிப் போனால் சாலையிலிருந்தே சுவர் தெரியும். 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டிய கோட்டை. உச்சியில் ஒரு பழைய பீரங்கி. அங்கே நின்றால் நாலா பக்கமும் கண்மாய்கள் துண்டு துண்டாக மின்னும். ஏறுவதற்கு அரை மணி நேரம் போதும், ஆனால் பாறை 11 மணிக்கே சுட ஆரம்பித்துவிடும். அடிவாரத்தில் ஒரே குன்றைக் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில். பள்ளிகொண்ட பெருமாள் அவ்வளவு பெரியவர், தலையிலிருந்து கால் வரை ஒரே பார்வையில் அடங்கமாட்டார். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை ஓரம், கோட்டைச் சுவரை ஒட்டி, கோட்டை பைரவர் இருக்கிறார். அந்த வழியாகப் போகிற லாரி, கார் எல்லாம் ஒரு நிமிஷம் நின்று தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கிளம்பும். என் சித்தப்பா சாமியே இல்லை என்று வாதாடுகிற ஆள். அங்கே மட்டும் பிரேக்கில் கால் தானாகப் போய்விடும் அவருக்கு.

இன்னும் கொஞ்சம் பெட்ரோல் செலவழிக்க மனம் இருந்தால் புதுக்கோட்டை பக்கமாக நமணசமுத்திரம் வரை போங்கள். அங்கே இளங்குடிப்பட்டியில் அய்யனார் கோயில், மரத்தடியில் புரவி எடுப்புத் திருவிழாவுக்குச் செய்துவைத்த மண் குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கும். பழையது காலொடிந்து மண்ணாகிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே புதியது.

பிரான்மலை ரொம்ப தூரமாச்சே?

சுமார் 50 கிலோமீட்டர். திருப்பத்தூர், சிங்கம்புணரி வழி. நாம் பேசும் நாட்டின் மேற்கு எல்லை இது. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பறம்பு மலை இதுதான் என்பார்கள். சிங்கம்புணரி நெருங்கும்போதே மலை எழ ஆரம்பித்துவிடும். இவ்வளவு நேரம் பனையை மட்டும் பார்த்துப் பழகின கண்ணுக்கு அது பெரிதாகத்தான் தெரியும். சுமார் 2,500 அடி. மூன்று அரசர்கள் முற்றுகை போட்டும் பாரி அசையவில்லை என்ற கதையை, அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் நம்பத் தோன்றும்.

கார் அடிவாரத்தோடு சரி. சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில் அங்கேயே இருக்கிறது. மலை உச்சியில் தர்கா உண்டு. ஏற ஆசைப்பட்டால் விடிகாலையிலேயே தொடங்க வேண்டும், தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் கோயில் தெப்பக்குளத்தோடு நிறுத்திக்கொண்டால் போதும். மலையைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

திரும்பும் வழியில் திருப்பத்தூரில் இறங்கலாம். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர். அங்கிருந்து சிவகங்கை சாலையில் திருக்கோஷ்டியூர் பக்கம்தான். மறைவாகச் சொன்ன மந்திரத்தை ராமானுஜர் ஊருக்கே கேட்கச் சொன்னது இந்தக் கோபுரத்தின் மேலேறி என்பது ஐதிகம்.

குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது?

கொள்ளுகுடிப்பட்டி. அரசாங்கப் பலகையில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977-லிருந்து. திருப்பத்தூரிலிருந்து மதுரை போகிற சாலையில் கொஞ்ச தூரம், பிறகு ஒரு கிளைச்சாலை. மழைக்குப் பிறகு கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரம் பூராவும் நத்தைக்குத்தி நாரையும் கொக்கும் அடைந்திருக்கும். சத்தமும் நாற்றமும் சேர்ந்தே வரும், குழந்தைகளுக்கு இரண்டுமே பிடிக்கும்.

பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுப்பது வழக்கம். நாம் அங்கே போய் ஹாரன் அடித்தால் எப்படி இருக்கும்? கண்மாய் வற்றிய வருஷம் பறவை வராது. கிளம்புவதற்கு முன்னால் அந்தப் பக்கத்து ஆள் யாரிடமாவது “கம்மாய்ல தண்ணி கெடக்கா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாலை எப்படி? போன் மேப்பை நம்பலாமா?

பெரிய சாலைகள் நன்றாக இருக்கும். உள்சாலைகள் மழைக்கு முன் ஒரு மாதிரி, மழைக்குப் பின் வேறு மாதிரி. வெள்ளை அடிக்காத வேகத்தடைகள்தான் முதல் எதிரி. அடுத்தது சாலையிலேயே காயப்போட்ட நெல், உளுந்து. ஓரமாகக் கல் வைத்து அடையாளம் காட்டியிருப்பார்கள், அதன்மேல் ஏற்றாதீர்கள், அது ஒருத்தருடைய வருஷச் சம்பளம். ஆட்டுக் கிடை குறுக்கே வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள், வேறு வழி இல்லை.

மேப் விஷயத்தில் எனக்கு ஒரு கசப்பு உண்டு. ஒரு கார்த்திகை மாதம், இளையாத்தங்குடி பக்கமிருந்து குறுக்கு வழி என்று போன் காட்டியதை நம்பித் திரும்பினேன். கொஞ்ச தூரத்தில் தார் முடிந்தது. பிறகு சரளை முடிந்தது. பிறகு நான் கண்மாய்க்கரை மேல் இருந்தேன். இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் பள்ளம், திருப்ப இடம் இல்லை. பின்சீட்டில் பெரியம்மா கந்த சஷ்டி கவசத்தைத் தொடங்கிவிட்டார். மடை அருகே குளித்துக்கொண்டிருந்த பெரியவர் துண்டோடு ஏறி வந்து, “இது மாட்டுவண்டிப் பாதை தம்பி, ரிவர்ஸ்லயே போங்க, நான் சொல்றேன்” என்று கரை முடிகிற வரைக்கும் பின்னாலேயே நடந்து வந்து வழி சொன்னார். அதிலிருந்து டீக்கடையில் கேட்காமல் குறுக்கு வழியில் இறங்குவதில்லை. மழைக்காலத்தில் “கரை வழி” என்ற சொல் காதில் விழுந்தாலே சுற்று வழியில் போங்கள்.

இரவில் ஓட்டலாமா?

உள்சாலைகளில் வேண்டாம். விளக்கு கிடையாது, மாடு சாலையிலேயே படுத்திருக்கும்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, அதுவும் சாயந்தரம்?

அரியக்குடி. காரைக்குடியை ஒட்டியே இருக்கிறது. தென்திருப்பதி என்று சொல்லும் பெருமாள் கோயில், பித்தளைக் குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர். வெயில் தாழ்ந்த நேரத்தில் போய்விட்டு விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

எந்த நாட்களில் வரக்கூடாது?

தை 3-ஆம் தேதி சிராவயல் மஞ்சுவிரட்டு. அன்று திருப்பத்தூர் சாலையில் கார் ஓட்டுவதும் மாட்டோடு சேர்ந்து ஓடுவதும் ஒன்றுதான். மஞ்சுவிரட்டு பார்க்கவே வருகிறீர்கள் என்றால் அது வேறு, விடியும் முன் வந்துவிடுங்கள். மாசி மகத்துக்கு சிங்கம்புணரி பக்கம் அரளிப்பாறையில் மஞ்சுவிரட்டு, அதே நாளில் திருக்கோஷ்டியூரில் தெப்பக் கூட்டம். பிரான்மலைச் சுற்றை அன்று வைக்காதீர்கள். அக்டோபர் கடைசி வாரத்தில் மருது பாண்டியர், தேவர் குருபூஜைகளுக்காக மாவட்டம் முழுக்க வாகனக் கெடுபிடி இருக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

காலையில் காரைக்குடியிலேயே வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் முடித்துக்கொண்டு கிளம்புங்கள். கானாடுகாத்தானில் மதியச் சாப்பாடு என்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் போய் 2 மணிக்கு நின்றால் டீயும் பிஸ்கட்டும்தான். திரும்பும்போது மணகோலம், சீப்புச்சீடை, தேன்குழல் வாங்க காரைக்குடியில் கடைகள் நிறைய.

கடல் வரை போக முடியுமா?

போகலாம். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, அங்கிருந்து திருவாடானை, பிறகு தொண்டி. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். திருவாடானைக் கோபுரம் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும், மறைக்க ஒரு மேடு கிடையாது. அதைத் தாண்டினால் செம்மண் மெல்ல வெளுத்து, பனை குட்டையாகி, காற்றில் உப்பு ஏறும்.

திருவாடானையிலிருந்து தொண்டி வரை நீங்கள் ஓட்டுவது 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. கொச்சியில் கிளம்பி, மூணாறில் ஏறி, போடிமெட்டில் வளைந்து வளைந்து இறங்கி, மதுரை, சிவகங்கை, காளையார்கோவில் வழியாக வந்து தொண்டியில் முடிகிற அதே சாலைதான். மூணாறு மாதிரி இருக்குமா என்று கேட்கிறவர்களை அங்கே கூட்டிப்போய் அந்தச் சாலையின் கடைசியைக் காட்டுவேன்.